பெருமுக்கல்லில் கல்லை நக்கியவர்

அறுபதுகளில் ஒரு கத்திரி வெயிலில், பெருமுக்கல் மலைமேல் தனியாகக் கல்லை நக்கிக்கொண்டிருந்த தொப்பிக்காரரைப் பேய் என்றே நம்பினேன். தொலைந்த ஆட்டைத் தேடி வந்த வீரனான நான், ஆட்டை மறந்து ஓடப் பார்த்தேன். வேட்டி முள்ளில் மாட்டிக்கொண்டது.

"பயப்படாதீங்க. யுனிவர்சிட்டியில பாறை ஆராய்ச்சி பண்றேன். ஈரமானாத்தான் கல்லோட நிறம் தெரியும்," என்றார்.

"தண்ணி ஊத்திப் பாக்கலாமே, சார்?"

"கொண்டுவந்தது தீர்ந்துபோச்சு."

"அப்ப எறங்குங்க. நாக்கைத் தொங்கப் போட்டுக்கினு இன்னும் எத்தினி பாறை ஏறுவீங்க?"

"ஒண்ணுதான் பாக்கி. நீங்க முன்னால போங்க."

உதடு வெடித்து ரத்தம் கசிய அவர் சிரித்த சிரிப்பு இன்றும் என் பகல் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அடிவாரத்தில் செம்புத் தண்ணீரோடு காத்திருந்தேன். பொழுது சாய்ந்தும் வராததால் ஆட்களோடு ஏறினேன். கடைசிப் பாறையருகே, வெயில் தாங்காமல் இறந்து கிடந்தார்.