எலும்பைத் தேடிய கை

புதிதாகக் கால்நடை மருத்துவமனை வேலைக்கு வருகிறவர்கள், கடிக்க வரும் நாயை எப்படிச் சமாளிப்பது என்றுதான் என்னிடம் கேட்பார்கள். கடிக்காத நாயைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. என் சர்வீஸில் நான் அதிகம் பயந்தது அப்படி ஒரு நாய்க்குத்தான்.

எண்பதுகளில் எனக்கு ராஜபாளையத்தில் வேலை. ஒரு நாள் காலையில் செட்டியார்பட்டியிலிருந்து முருகேசனும் அவர் மனைவி செல்வியும் தங்கள் வெள்ளை நாயை மாட்டுவண்டியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். வேற்றாளைக் கண்டால் பாயும் ஜாதி அது. அன்றைக்குக் கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுக, பேசாமல் படுத்துக் கிடந்தது.

"தொண்டையில எலும்பு சிக்கிருச்சு டாக்டரம்மா. எடுத்து விட்டியன்னா போயிருவோம்," என்றார் முருகேசன்.

நான் நாயைத் தொடாமல் கேட்டேன்: "யாராவது வாய்க்குள்ள கைய விட்டீங்களா?"

"நாந்தான் விட்டேன்," என்றாள் செல்வி. "உள்ள வரைக்கும் துழாவிப் பாத்துட்டேன், ஒண்ணும் அகப்படல. எங்க வீட்டுக்காரவிய கிட்டயே வரலையே, தூர நின்னு டார்ச் அடிச்சாவ!"

அவள் தறி ஓட்டுகிறவள். விரல் முழுக்க நூல் அறுத்த கீறல்கள். குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வைத்தேன். வெறிநோயாக இருக்கலாம் என்றதும் முருகேசனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெறி பிடிச்சா ஆடும்லா? இது எந்திரிக்கவே மாட்டேங்குது. ஒருத்தரையும் கடிக்கலையே!"

"கடிக்கத் தாடை வேலை செய்யணும்ல? அதுதான் விழுந்து கிடக்கே. கையில இருக்குற கீறல்ல எச்சில் பட்டாலே போதும்யா."

அன்றே செல்விக்கு ஊசி ஆரம்பித்தது. அப்போதெல்லாம் வயிற்றில்தான், தினமும். கைப்பிள்ளையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் தங்கி ஊசிக்குப் போய்வந்தாள். நாய் செத்தது. தலையைப் பரிசோதித்ததில் வெறிநோய் உறுதியானது. அதைச் சொல்ல நானே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போனேன்.

"ஊசிய நிப்பாட்டிட்டோம்," என்றார் அங்கே வந்திருந்த முருகேசன். "நாய்தான் செத்துப் போச்சே, பொறவு எதுக்கு?"



"வயிறு கல்லு மாதிரி வீங்கிருச்சு டாக்டரம்மா," என்றாள் செல்வி. "பிள்ளைய மடியில வைக்க முடியல."

அவள் அம்மா எனக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கி செல்வியிடம் நீட்டினேன். "மொதல்ல நீ குடி."

புரியாமல் என்னைப் பார்த்தாள். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகிவிட்டால் அதற்குமேல் எந்த ஊசியும் காப்பாற்றாது. செம்பு அவள் வாய்க்குப் போகும் வரை நான் கண்ணை எடுக்கவில்லை. அண்ணாந்து மடமடவென்று குடித்தாள்.

"இன்னைக்கு முழுங்குறே. ஊசிய விட்டா, ஒரு நா இந்தத் தண்ணியப் பாத்தே அலறுவே. அன்னைக்குப் பிள்ளைய உன் பக்கத்துல விடமாட்டாக," என்றேன்.

முருகேசன் சட்டையை மாட்டினார். அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

ஊசி முழுவதும் போட்டுக்கொண்டாள். பிழைத்தாள்.

வெறி என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள். சாதுவாகப் படுத்திருக்கும் நாய்க்கும் அது வரும். தாடை தொங்கினால் எலும்பைத் தேடாதீர்கள். வீட்டு நாயானாலும் வருஷா வருஷம் தடுப்பூசி போடச் சொல்லுங்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் தடுப்பூசி முகாம்களுக்கு செல்வி புது நாயோடு முதல் ஆளாக வந்து நிற்பாள். வெயிலுக்குப் பானைத் தண்ணீரை மொண்டு குடிப்பாள். அவள் முழுங்கும் வரை, கையில் ஊசியோடு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.