விலிசோனியின் இடது கை

"ஒரு கிலோவா, ரெண்டு கிலோவா? சீக்கிரம் சொல்லும்மா, பாட்டு பாதியில நிக்குது" என்பார் விலிசோனி, சேப்பங்கிழங்கை எடை போட்டபடியே. சனிக்கிழமை மாங்கரே சந்தைக்கு வரும் எங்கள் டோங்கா தீவு ஜனத்தில் பாதிப் பேர் கிழங்குக்காக வருவதில்லை, இந்த வாய்க்காகத்தான்.

ஞாயிறு பிற்பகலில் அவர் தேவாலயப் பாடற்குழுவின் மாஸ்டர். வலது கை பெண்களுக்கு. இடது கை என்னைப் போன்ற அடிக்குரல் ஆண்களுக்கு. கை எழும்பாவிட்டால், கூரையே இடிந்தாலும் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. "என் மூஞ்சியப் பாக்காதடா, அதுல ஒண்ணும் இல்ல. கையப் பாரு."

பதினோரு ஆண்டுக்கு முன் அவர் மூளையில் ரத்தக்குழாய்கள் முடிச்சாகப் பின்னிக் கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். தலையைத் திறக்காமல், ஒரே நாளில் கதிர் பாய்ச்சி அனுப்பினார்கள். மூன்றாம் ஆண்டு ஸ்கேனில் முடிச்சு முழுதும் அடைபட்டிருந்தது. ஆனாலும் அவ்வப்போது வந்து காட்டுங்கள் என்றார்கள். இவரா போவார்? "அடைச்ச கதவ எதுக்குப் போய்த் தட்டணும்?"

போன ஆண்டு அந்த இடது கை அரை நொடி தாமதமாக எழும்பத் தொடங்கியது. நாங்கள் என்ன செய்தோம்? அரை நொடி தாமதமாகப் பாடினோம், நான்கு மாதம். மாஸ்டர் கை தப்பும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளியூர்ப் போதகர் "புதுப் பாணி" என்று பாராட்டியபோது நான் நெஞ்சை வேறு நிமிர்த்திக்கொண்டேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் மனைவி லுசேயானேதான் போட்டு உடைத்தாள்.

"பாணியாவது கீணியாவது. வீட்ல டீக்கோப்பையையும் இதே பாணியிலதான் கீழ போடுறாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

பழைய முடிச்சு இருந்த இடத்தில், கதிர் பட்ட பகுதியில் நீர் கோத்துப் பையாக வளர்ந்திருந்தது. இத்தனை ஆண்டு கழித்துமா என்று கேட்டேன். சிலருக்கு வரும், அதற்குத்தான் வரச் சொன்னோம் என்றார் டாக்டர். இந்தமுறை தலையைத் திறந்து நீரை வடித்தார்கள். உயிருக்குப் பயமில்லை, கை எவ்வளவு திரும்பும் என்றுதான் சொல்ல முடியாதாம். விலிசோனிக்கு அந்தக் கைதான் பாதி உயிர்.

"வலது கைய வச்சே ஒப்பேத்தலாமே, மாஸ்டர்" என்றேன்.

"அப்ப நீங்கள்லாம் என்னடா பண்ணுவீங்க, கிழங்கு விப்பீங்களா?"

ஐந்து மாதம் கைக்குப் பயிற்சி. ஸ்கேனுக்கும் இப்போது தவறாமல் போகிறார், லுசேயானே விடுவதில்லை. போன ஞாயிறுதான் திரும்பி வந்தார். வலது கை அசைந்தது, பெண்கள் தொடங்கினார்கள். எங்கள் இடம் வந்தபோது இடது கை இடுப்பருகே நடுங்கிக்கொண்டிருந்தது. மனசு கேட்கவில்லை, நாங்களாகவே பாடிவிட்டோம். அவர் பாட்டை நிறுத்தினார்.

"யாருடா பாடச் சொன்னது? கை இன்னும் வரல."

"வருமா, மாஸ்டர்?" கேட்டே விட்டேன்.

"வந்துட்டிருக்கு. பொறு."

மறுபடி தொடங்கினோம். எங்கள் இடம் வந்தது. பெண்கள் அந்தச் சுரத்தை விடாமல் இழுத்துப் பிடித்தார்கள், மூச்சு முட்ட முட்ட. பதினெட்டு ஆண்கள் வாயை மூடிக்கொண்டு நின்றோம். கை இடுப்பை விட்டது, நெஞ்சைத் தாண்டியது, தோளுக்கு வந்து, விரல் விரலாக விரிந்தது.