காபி கொடுக்காத இடம்

வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் பிரீத்திகாவுக்குக் காபி கிடைத்தது. வேலைதான் கிடைக்கவில்லை.

ஆர்டர் இல்லாமல் கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறிகள் பாதிக்கு மேல் நின்றுபோன வருஷம் அது. அவளுடைய அப்பா அங்கப்பனின் தறிகளும் நின்றுவிட்டன. பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளுக்குக் காலையில் எழுந்தால் சத்தமில்லாத அந்தத் தறிக்குடோன்தான் முதலில் கண்ணில் படும். வீட்டுக்குள் ஒரு சம்பளமாவது வந்தாக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"தெரிஞ்சவங்க இத்தன பேர் இருக்கறப்ப கண்ட எடத்துக்கு எதுக்கு அம்மணி?" என்று அங்கப்பன் அவளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? சோமனூரில் ஒரு பங்காளி, பல்லடத்தில் ஒரு மச்சான், அவிநாசி ரோட்டில் சம்பந்தி வழியில் ஒருவர். போனதும் "வாங்க, வா கண்ணு" என்று ஃபேனைப் போட்டு உட்கார வைப்பார்கள். தேங்காய் விலை, மழை, யார் வீட்டில் என்ன சீர் என்று பேச்சு ஓடும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது அங்கப்பனுக்குத் தெரியாததல்ல. ஆனால் சொந்தக்காரரிடம் வேலை கேட்க அவருக்கு வாய் வராது. கிளம்பும்போது செருப்பைத் தேடிக்கொண்டே, "புள்ள படிச்சு முடிச்சுருச்சுங்க" என்பார்.

அவர்களுக்கும் புரியாமல் இல்லை. இருக்கிற ஆட்களையே நிறுத்திக்கொண்டிருக்கும் நேரம். அப்படியே இடம் இருந்தாலும், சொந்தக்காரப் பெண்ணைப் பில் போடு, பெட்டி எண்ணு என்று எப்படி வேலை வாங்குவது? முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவும் மனம் வராது. "பார்த்துச் சொல்றேனுங்க" என்பார்கள். கூடவே காபி வரும். பார்த்தவரும் இல்லை, சொன்னவரும் இல்லை.

"காபி டம்ளரக் கண்டாலே வேல இல்லைன்னு தெரிஞ்சுபோகுதுங்கப்பா," என்றாள் ஒருநாள் திரும்பி வரும்போது. அங்கப்பன் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை அவள் தனியாகக் கிளம்பினாள். போனில் பார்த்த ஒரு விளம்பரத்தை நம்பி, பஸ் மாறி மதுக்கரைக்குப் போனாள். அது ஒரு டைல்ஸ் குடோன். அவளை அங்கே யாருக்கும் தெரியாது. முதலாளி அக்பர் அலி யாரோ ஒரு லாரிக்காரரிடம் போனில் சண்டை போட்டுக்கொண்டே அவளுடைய சர்டிபிகேட்டைப் புரட்டினார். மேஜைமேல் இன்னொரு போன் அடித்தது. அதை அவள் பக்கம் தள்ளினார்.

"எடும்மா. லோடு வரலைன்னு பொள்ளாச்சிக்காரர் காலைல இருந்து கத்தறாரு. எதாவது சொல்லி வை."

எடுத்ததும் பொள்ளாச்சிக்காரர் பொரிந்து தள்ளினார். "நாங்க ஊடு கட்டறதா வேண்டாமா? கொத்தனார் சும்மா உக்காந்திருக்காரு."

"ஏனுங்க, பார்த்துச் சொல்றேனுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்ததோ அதே வார்த்தை. வெட்கமாகப் போயிற்று. அதற்காகவே எழுந்து போய்ப் பார்த்தாள். லோடு ஏற்றியவர்களிடம் டிரைவரின் நம்பரை வாங்கிப் பேசினாள். பிறகு பொள்ளாச்சிக்காரரைக் கூப்பிட்டாள். "வண்டி கிணத்துக்கடவுல டயர் மாத்தீட்டு இருக்குதுங்க. மத்தியானத்துக்குள்ள வந்துருமுங்க."

"பார்த்துச் சொல்றேன்னு சொன்னவங்கள்ல நீங்கதான் மொத மொதல்ல திருப்பிக் கூப்பிட்டிருக்கீங்க," என்றார் அவர். குரல் தணிந்திருந்தது.

அக்பர் அலி சண்டையை முடித்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைல இருந்து வரியா, இல்ல இன்னிக்கே இருந்துக்கறியா?"

"இன்னிக்கே இருக்கறனுங்க."

"அப்ப அந்தப் பில்லெல்லாம் தேதிவாரியா அடுக்கு."

ஒரு பாராட்டு இல்லை, உபசாரம் இல்லை. அவளுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடமிருந்து போன் வந்தது. வேலை கிடைத்ததா என்று மகளிடம்கூட நேராகக் கேட்க அங்கப்பனுக்கு வரவில்லை.

"ஏங்கண்ணு, காபி குடுத்தாங்களா?"

"இல்லீங்கப்பா. தண்ணிகூட நானேதான் எடுத்துக் குடிச்சேன்."

அங்கப்பன் சிரித்தார்.

"அப்ப கெடச்சுப்போச்சுன்னு சொல்லு."