பத்தாயிரம் அடியில் ரேணுகா

காரைக்குடியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ரேணுகா தினமும் மதியம் இரண்டு மணிக்கு இமயமலைக்குப் போய்விடுவாள். கடையில் ஆள் ஓய்ந்திருக்கும் நேரம் அது. மடிக்கணினியில் ரிமோட்டைச் செருகி, பொம்மை ஹெலிகாப்டர் ஓட்டிப் பழகும் மென்பொருளைத் திறந்து, உயரம் என்ற கட்டத்தில் பத்தாயிரம் அடி என்று எழுதுவாள். அதற்குப் பிறகு யாராவது டிஸ்பிளே மாற்ற வந்தால் அவர்கள் பாடு.

திரையில் பறப்பதும் கோவிலூர்ப் பக்கம் வற்றிய கண்மாயில் அவள் பறக்கவிடும் அதே ஹெலிகாப்டர்தான். ஆனால் அந்த உயரத்தில் இறக்கைக்குப் பிடிமானமாகக் காற்று போதாது. ஏறச் சொன்னால் யோசிக்கும். திருப்பினால் வால் வழுக்கிக்கொண்டு போகும். காற்று போதாவிட்டால் என்ன ஆகும் என்று ரேணுகாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. அதனால் அந்தப் பொம்மையின் மேல் அலாதியான பரிவு. இறக்கையின் சுற்றுவேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வருஷம் அதற்கு மலையைப் பழக்கினாள். வெள்ளை முகடுகளுக்கு மேல் அது மிதக்கும்போது, கடை வாசலில் போகும் கல்லல் பஸ்ஸின் ஹாரன்கூட எங்கோ பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வருவதாகத் தோன்றும். சொக்கிப்போய் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

நேரில் போக ஆசை இல்லாமலா? மலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் முடித்துவிட்டார்.

அவள் கணவன் முத்தரசுக்கு செல்போன் கோபுரம் எழுப்பும் வேலை. இந்த ஐப்பசியில் அவனை இமாச்சலத்து மலையூர் ஒன்றுக்கு மூன்று மாதம் போகச் சொன்னார்கள். அந்த ஊரும் ஏறக்குறைய அதே உயரம். கேட்ட அன்றே ரேணுகா ஹெலிகாப்டருக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

"நான்தான் போக முடியாது, இதாவது போகட்டும். ஒருதரம் பறக்கவிட்டுக் காட்டுங்க."

முத்தரசுக்குத் திக்கென்றது. இரண்டு வருஷம் ஒவ்வொரு திருகாக அவள் சேர்த்துக் கோத்தது அது. அவனோ கண்மாயில் நாலு தரம் ஓட்டியவன்.

"உடைச்சுப்புட்டேன்னா?"

"மலைக்குன்னு நான் வச்சிருக்கிற செட்டிங்குல நிக்கும். நீங்க பயப்படாம இருந்தாப் போதும்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். கணக்குத் தப்பினால் ஹெலிகாப்டர் போகும். அதைவிட, ஒரு வருஷமாக அவள் போய்வந்த மலை வெறும் பகல்கனவாகிவிடும்.

முத்தரசு போய்ச் சேர்ந்த மறுநாள் காலை வீடியோ அழைப்பு வந்தது. கூட வேலை பார்க்கும் தேவா போனைப் பிடித்துக்கொள்ள, முத்தரசு ரிமோட்டைத் தொட்டான். ஹெலிகாப்டர் விருட்டென்று எகிறியது. அந்த உயரத்தில் அப்படி எகிற அதற்கு வழியே இல்லை. ரேணுகா எழுந்து நின்றுவிட்டாள்.

"குறைங்க. இன்னும் குறைங்க. பதறாதீக."

அது ஆடி ஆடி இறங்கி, ஒரு காலை ஊன்றிச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கால் லேசா நெளிஞ்சிருக்கு, மத்தபடி பழுதில்ல," என்றான் முத்தரசு. "காத்தே பத்தாதுன்னியே, இது என்னடான்னா இந்தத் துள்ளு துள்ளுது."

ரேணுகா மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். உயரத்துக்குக் கீழே வெப்பநிலை என்று ஒன்று இருந்தது. முதல் நாள் முப்பத்தாறு என்று எழுதியவள்தான், அப்புறம் அதைத் தொடவே இல்லை. காரைக்குடியில் அது சாதாரண நாள். சூடு ஏறினால் காற்று இன்னும் மெலியும், குளிர்ந்தால் அடர்த்தியாகும். அந்த மெலிந்த காற்றுக்காக அவள் கூட்டிவைத்த சுற்றுவேகம் நிஜ மலைக்கு அதிகமாகிவிட்டது. முப்பத்தாறு டிகிரி வெயிலில் பனி மூடிக் கிடக்கும், உலகத்திலேயே இல்லாத ஒரு மலையில் அவள் ஹெலிகாப்டர் ஓட்டியிருக்கிறாள்.

"அங்க இப்ப எத்தனை டிகிரி?"

"ரெண்டுன்னு காட்டுது."

அப்போதுதான் அவள் போன் திரையில் கணவனைப் பார்த்தாள். அதுவரை ஹெலிகாப்டரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக்கு மேல் சட்டை போட்டு, காதை மூடித் துண்டு கட்டியிருந்தான். உதடு கறுத்திருந்தது. அவன் பையை அடுக்கியதும் அவள்தான். ஹெலிகாப்டருக்கு எட்டுச் சுற்று ஸ்பாஞ்சு. அவனுக்கு நாலு அரைக்கைச் சட்டை.

"ஏங்க, குளிருதா?"

"நேத்து வந்ததுலருந்து. நீ இதப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்தியா, சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்." பல் தந்தியடிக்கச் சிரித்தான்.

அவள் மடிக்கணினியை மூடிவைத்தாள்.

"நான் ஸ்வெட்டர் வாங்கி அனுப்புறேன்."

"நம்ம ஊர்ல அது எங்குட்டுக் கிடைக்கும்?"

அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றை அவள் வாங்கியதே இல்லை.