மாடிக் கேனில் குறைந்த தண்ணீர்

எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். எந்த ஹீட்டரும் நிலைக்காது. அதனால் சோலார் தகட்டுக்கும் குளிக்கிற தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லாதபடி நானே ஒன்று செய்தேன். தகட்டில் காயும் தண்ணீர், நான் பற்றவைத்து டிரம்முக்குள் இறக்கிய செம்புச் சுருளுக்குள்ளேயே சுற்றி வரும். டிரம்மில் நிற்கும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு நம்பிக்கையில்லை.

"கேஸ்லயே வச்சுக்கிறேனேப்பா."

"ரெண்டும் கலக்கவே கலக்காதும்மா" என்று பிடிவாதம் பிடித்தேன். பேரன் என் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும்.

சுருளில் உப்பு படியாதிருக்க, வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை கூலன்டைக் கலந்திருந்தேன். அளவு பார்க்க, அந்தச் சுருளோடு இணைத்து உச்சியில் ஒரு கேன். அதில் தினமும் இரண்டு விரல் குறைந்தது.

என் சந்தேகம் நேரே தம்பியிடம் போனது. பாகம் பிரித்தபோது மாடிப்படி மட்டும் பொதுவாக நின்றது. அவனிடம் பழைய டிராக்டர் வேறு இருக்கிறது; அதற்குக் கூலன்ட் வேண்டாமா? படியெல்லாம் கோலமாவு தூவி வைத்தேன். விடிந்து பார்த்தால் என் செருப்புத் தடம் மட்டும். சுவரேறி வந்திருப்பான், கைகாரன் என்று நினைத்தேன். மாடிக் கதவைப் பூட்டினேன். அப்போதும் குறைந்தது. கள்ளச்சாவி போட்டுவிட்டான் என்று எரிச்சல் தாங்காமல் அவனிடமே கேட்டுவிட்டேன்.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் முழிப்பான் என்று பார்த்தால், நேரே என்னோடு மாடிக்கு வந்தான். கேனைப் பார்த்தான். டிரம்மைத் திறந்து, கையில் தண்ணீரை அள்ளி முகர்ந்தான்.

"இதுக்குள்ளதாண்ணே எறங்குது. ஒங்க பத்தவைப்புல ஓட்டை. இந்த வெசத் தண்ணியையா புள்ளைக்கு ஊத்துறீங்க?"

படியில் வாளியோடு நின்ற மகள் அதைக் கேட்டாள். வாளியை அங்கேயே வைத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சித்தப்பாவின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அன்றே சுருளைப் பிடுங்கிப் போட்டேன். அப்புறம் மகள் எங்கள் வீட்டில் இருந்த நாளெல்லாம் கேஸில்தான் வெந்நீர். தெருக்குழாயில் நான் பிடித்து வரும் குடத்தை, அடுப்புப் பானையில் ஊற்றுமுன் ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். தம்பி கொண்டுவரும் குடத்தை அப்படியே ஊற்றுவாள்.