எங்கள் வீட்டுக்கு இரண்டு பங்கு

சின்ன வயதில் எனக்கு விடுப்பு அதிகம். அடுத்தவர் வீட்டில் என்ன சமையல், பக்கத்து அறையில் யார் அழுகிறார்கள், பொலிஸ்காரரின் இடுப்பில் தொங்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அம்மா இதைக் குறையாகச் சொல்வார். அப்பாவும் குறையாகத்தான் சொல்வார், ஆனால் சொல்லும்போது அவர் வாயோரம் சிரிப்பு ஒட்டியிருக்கும். எனக்கு ஒன்பது வயதான அந்தக் கோடையில் இந்த விடுப்பு எங்கள் வீட்டுக்கு ஒரு அரசாங்கக் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஹனோவருக்குத் தெற்கே ஒரு சிறு நகரத்தில், அகதிகளுக்கென்று ஒதுக்கிய கட்டடத்தின் மேல்மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. அப்பாவின் அகதி விண்ணப்பம் சில வருடங்களாக ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. அதற்கு முடிவு வரும்வரை எங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே கால்வைக்கக் கூடாது என்று அவருடைய அடையாளத் தாளில் அச்சடித்திருந்தது. போகவேண்டுமென்றால் முதலில் அந்த்ராக் என்கிற விண்ணப்பப் படிவம் எழுதிக் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி இல்லாமல் போய்ப் பிடிபட்டால் தண்டம். அதைவிடப் பெரிய பயம், விண்ணப்பக் கோப்பில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்துவிடும் என்பது.

மற்றத் தமிழர்கள் இதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ரயிலேறிக் கலியாணம், சாமத்தியவீடு என்று போய்வந்தார்கள். அப்பாவோ மன்னாரில் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். தாளில் எழுதியிருப்பது அவருக்கு வேதவாக்கு. பழைய வரைபடம் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, எங்கள் மாவட்டத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் கோடு கீறிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஓடைக்கரை வழியே நடக்கக் கூட்டிப்போவார். ஓடையின் குறுக்கே ஒரு மரப்பாலம். பாலத்தின் நடுவோடுதான் சிவப்புக் கோடு ஓடியது. அப்பா முதற்பலகையை மிதிக்காமல் திரும்பிவிடுவார். நான் மட்டும் ஓடிப்போய் மறுகரையைத் தொட்டுவிட்டு வருவேன்.

அந்த வருடம் வசந்தத்தில் எங்கள் மாவட்டத்துக்கு வெகுதூரத்தில், ஆஹென் நகரில் இருந்த பெரியப்பா இறந்துபோனார். அப்பாவைப் படிக்கவைத்தவர் அவர், பிறகு இங்கே கூப்பிட்டெடுத்தவரும் அவர்தான். செய்தி வந்த அன்றே அப்பா அனுமதிக்கு அந்த்ராக் எழுதச் சொன்னார். எங்கள் வீட்டில் ஜெர்மன் நன்றாக எழுதக்கூடிய ஆள் நான்தான். காரணம் என்ற இடத்தில் மூன்று கோடுகள் இருந்தன. அப்பா சொல்லச் சொல்ல மூன்று கோடுகளும் நிரம்பி, தாளின் ஓரத்திலும் பொடி எழுத்தில் எழுதவேண்டி வந்தது. கையெழுத்து வைக்க வேண்டிய அதிகாரி விடுமுறையில் இருந்தார். அவரைப் பார்க்க அடுத்த கிழமைக்குத்தான் தெர்மின், அதாவது நாள், கொடுத்தார்கள். அடக்கம் அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை. அன்று காலை அப்பா தன் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறைக் கதிரையில் போய் உட்கார்ந்தார். அங்கே அடக்கப் பூசை தொடங்கும் நேரத்திலிருந்து மத்தியானம் வரை அப்படியே இருந்தார். எங்கே வெளிக்கிட்டிருக்கிறீர்கள் என்று நான் கேட்டபோது அம்மா என் தொடையில் கிள்ளினார்.

கோடையில் எங்கள் கோயிலுக்கு ஒரு வயதான பாதிரியார் வந்தார். இந்த ஊர்க்காரர், ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தைவான் நாட்டு மலைகளில் அத்தயால் என்ற பழங்குடி மக்களோடு கழித்தவர். பூசை முடிந்ததும் சுவரில் படம் காட்டினார். ஒரு படத்தில் இருந்த கிழவிக்கு இரண்டு காதுகளிலிருந்தும் வாய்வரை அகலமாகப் பச்சை குத்தியிருந்தது. நன்றாக நெய்யத் தெரிந்த பெண்ணுக்குத்தான் முகத்தில் அப்படிக் குத்துவார்களாம். இன்னொரு படத்தில் ஒருத்தி மூங்கில் துண்டொன்றை வாயில் வைத்து நூலைச் சுண்டிப் பாட்டெழுப்பிக்கொண்டிருந்தாள். அந்த மக்களில் சிலர் இப்போது தன்னோடு வந்து, ஓடைக்கு அப்பால் குன்றின்மேல் உள்ள இளைஞர் விடுதியில் தங்கியிருக்கிறார்கள் என்றும், சனிக்கிழமை சமைத்துப் பாடி ஊரையே விருந்துக்கு அழைக்கிறார்கள் என்றும் பாதிரியார் சொன்னார். அதன் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

குன்று எங்கள் ஜன்னலிலிருந்தே தெரியும். ஆனால் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஐந்து நாட்கள் நான் நச்சரித்தேன். கண்ணாடி முன் நின்று அம்மாவின் மைப்பென்சிலால் என் கன்னத்தில் கோடுகள் கீறிக்கொண்டு அடியும் வாங்கினேன். வகுப்பில் இருக்கும் யாராவது ஒரு பிள்ளையின் பெற்றோரோடு என்னை அனுப்பிவிடலாம் என்றுதான் அம்மா நினைத்திருந்தார். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அப்பா, தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? அண்ணையின்ர செத்தவீட்டுக்கே போகாம இருந்தனீங்கள். இப்ப ஆரோ ஆடிப் பாடுறதைப் பாக்கப் போகப்போறியளோ?"

"அதாலதான் போறன்" என்றார் அப்பா.

அந்தப் பதில் எனக்கு விளங்கவில்லை. ஆனால் போகிறோம் என்பது விளங்கியது, எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் நல்ல வெயில். அப்பா கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இந்த வெக்கைக்குள் கோட்டா என்று நான் வெட்கப்பட்டேன். மரப்பாலத்தில் அவர் முதற்பலகைக்கு முன்னால் நின்றார். நான் வழக்கம்போல மறுகரைக்கு ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார், சிலுவை அடையாளம் போட்டார், பிறகு தண்ணீருக்குள் இறங்குகிறவர் மாதிரி மெதுவாகக் காலை வைத்தார். பாதியைத் தாண்டியதும் நடை வேகமாகிவிட்டது. மேட்டில் ஏறும்போது என்னால் அவரைப் பிடிக்கமுடியவில்லை.

குன்றின்மேல் எனக்குப் பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. ஒருவர் முகத்திலும் பச்சை இல்லை. ஆண்கள் ஜீன்ஸ் போட்டிருந்தார்கள். இறைச்சி வெட்டிக்கொண்டிருந்த தடித்த மனிதர் அமெரிக்கத் தொப்பி அணிந்திருந்தார். பெண்கள் சிவப்பும் வெள்ளையுமான நெய்த துணியைப் போர்த்தியிருந்தாலும் அதற்குள் சாதாரணச் சட்டைதான். பச்சை குத்திய முகம் எங்கே என்று பாதிரியாரிடமே போய்க் கேட்டேன். அவர் அதை அவர்கள் மொழியில் சொல்ல, ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். தன் தாய்க்கு இருந்தது என்றும், பிறகு வந்த ஆட்சியாளர்கள் அதைத் தடைசெய்துவிட்டார்கள் என்றும் சொன்னாள். அவளுக்கும் விடுப்பு இருந்தது. அப்பாவின் மீசையைப் பார்த்து, இதை வளர்க்க எத்தனை வருடம் எடுத்தது என்று கேட்டாள். அது அவள் மொழியிலிருந்து பாதிரியாரின் ஜெர்மனுக்கும், அங்கிருந்து என் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. அப்பா வெட்கத்தோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு மூங்கில் குழாய்களில் சோறு வந்தது. பச்சை மூங்கிலுக்குள் அரிசியை அடைத்து நெருப்பில் சுட்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரின் தோட்டத்து அலங்கார மூங்கில் முழுவதும் அதற்குப் போய்விட்டதாம். அவரும் வந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஜெர்மன்காரர்கள் குழாயைக் கரண்டியால் குடைந்தார்கள். அப்பா கத்தியின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டி அழகாக இரண்டாகப் பிளந்தார். பிறகு ஒரு சாடியைத் திறந்தார்கள். உப்பும் சோறும் போட்டுப் புளிக்கவைத்த பச்சைப் பன்றியிறைச்சி. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் கும்பிடாத குறையாக விலகிப்போனார்கள். நான் விடவில்லை. பழஞ்சோற்றுக்குள் யாரோ இறைச்சியை ஒளித்துவைத்த மாதிரி இருந்தது, இன்னொரு துண்டும் கேட்டேன். அந்தப் பெண் சந்தோஷத்தில் என் தலையைப் பிடித்து ஆட்டினாள்.

தொப்பிக்காரர் வெட்டிக்கொண்டிருந்த பன்றி விருந்துக்கானதல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. ஏன் இவ்வளவு இறைச்சியைப் பொதிபொதியாகக் கட்டுகிறார்கள் என்று கேட்டது நான்தான், வேறு யார்? பாதிரியார் விளக்கினார். அவர்களுடைய மலையில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வேட்டைக்காடு உண்டு, எல்லை உண்டு. இன்னொருவர் எல்லைக்குள் கேளாமல் கால்வைத்தால் அது குற்றம். அந்தக் குற்றத்துக்கு ஒரு பன்றியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதை எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள், விஷயம் அத்தோடு தீர்ந்துவிடும். இங்கே ஒருவரும் அவர்களைக் குற்றம் சொல்லவில்லைதான். இருந்தாலும் அடுத்தவர் காட்டில் இரண்டு கிழமை இருந்துவிட்டு வெறுங்கையோடு போக மனம் வரவில்லையாம். அதனால் ஊரில் வீட்டுக்கு ஒரு பங்கு.

நான் அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா சிரிக்கத் தொடங்கினார். வசந்தத்துக்குப் பிறகு அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். கண்ணில் தண்ணீர் வந்து, கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டார்.

"நானே பண்டி குடுக்க வேண்டின ஆள். எனக்குப் பங்கு தருகினம், பார் பிள்ளை" என்றார்.

எங்கள் முறை வந்தது. எத்தனை வீடு என்று தொப்பிக்காரர் கேட்டார். வந்தவருக்கு மட்டுமல்ல, வராத சொந்தக்காரருக்கும் பங்கு உண்டு என்றார் பாதிரியார். அப்பா இரண்டு விரல்களைக் காட்டினார்.

"ஒண்டு எங்களுக்கு. மற்றது அண்ணைக்கு எண்டு சொல்லு."

எங்கள் அப்பா பிழைவிடுவதை எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. "ஆனால் பெரியப்பா இறந்துவிட்டாரே" என்று நான் தெளிவான ஜெர்மனில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். பாதிரியார் அதைத் தாழ்ந்த குரலில் தொப்பிக்காரருக்குச் சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். முதல் பங்கை வெட்டிய அதே அளவில் இரண்டாவதையும் வெட்டி, அதன்மேல் நல்ல கொழுப்புத் துண்டு ஒன்றையும் வைத்துக் கட்டினார். பொதியை என் கையில் தராமல் அப்பாவின் இரண்டு கைகளிலும் வைத்தார். இறந்தவர்கள் இறைச்சி சாப்பிடமாட்டார்கள் என்பது இந்த மக்களுக்குத் தெரியாது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது, பாலத்துக்கு ஐம்பது அடி முன்னால், குன்றுப் பக்கமாகவே, வண்டிகளை ஒழுங்குபடுத்த வந்த பொலிஸ்காரர் ஒருவர் நின்றார். அப்பா தலையைக் குனிந்து கடந்துபோகப் பார்த்தார். பொலிஸ்காரரின் இடுப்பில் அந்தப் பெட்டி கரகரத்துக்கொண்டிருந்தது. நான் நின்று, அதற்குள்ளிருந்து யார் பேசுகிறார்கள் என்று கேட்டேன். நல்ல மனிதர், குனிந்து எனக்குக் காட்டினார். எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம், அகதிகள் விடுதியில் என்று விலாசத்தோடு சொன்னேன். அவர் நிமிர்ந்து அப்பாவின் தாளைக் கேட்டார். வாசித்தார், திரும்பவும் வாசித்தார். ஏன்தான் கேட்டோம் என்று அவருக்கே ஆகிவிட்டது போலிருந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டார். அப்பா அவருக்கு நன்றி சொன்னார்.

வீட்டில் அம்மா பொதிகளைப் பார்த்துவிட்டு, ஏன் இரண்டு என்று கேட்டார்.

"அப்பா கணக்குப் பிழைச்சுப் போட்டார், செத்த ஆளையும் சேர்த்துப்போட்டார்" என்றேன் நான்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். பிறகு இரண்டு பொதியையும் சேர்த்துத் தூள் போட்டுக் கறிவைத்தார். மேசையில் வழக்கத்தைவிட ஒரு சாப்பாட்டுக் கோப்பை அதிகமாக வைத்து, சோறு போட்டு, அந்தக் கொழுப்புத் துண்டையும் தேடி எடுத்து அதில் வைத்தார். அப்பா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து நீளமாக ஜெபம் சொன்னார். கறி ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பசி, எப்போது ஆமென் வரும் என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. அதோடு ஒரு படிவம். அனுமதி இல்லாமல் மாவட்டத்தை விட்டுப் போனதற்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். அதே சமையலறை மேசையில், அதே பேனையோடு நான் உட்கார்ந்தேன். வசந்தத்தில் இருந்த மாதிரி அதிலும் மூன்று கோடுகள்.

"பிள்ளைக்கு விடுப்பு, பாக்க ஆசைப்பட்டது எண்டு எழுது" என்றார் அப்பா.

நான் எழுதினேன். என்னைப் பற்றி அரசாங்கத்துக்கே தெரியப்போகிறது என்று எனக்குத் தாங்கமுடியாத பெருமை. அரைக் கோட்டிலேயே விஷயம் முடிந்துவிட்டது. மிச்சம் அவ்வளவு இடம் வெறுமனே கிடந்ததைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. இன்னும் இடம் இருக்கிறது, வேறு ஏதாவது காரணம் எழுதவா என்று கேட்டேன்.

"காணும், அது போதும்" என்று சொல்லி அப்பா பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

அடுத்த பல வருடங்களுக்கு, எங்கள் அப்பா என்னால்தான் பொலிஸில் பிடிபட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அது உண்மை என்றுதான் நம்பியும் இருந்தேன்.