பூட்டுக்காரர் பிடுங்கிய சாவி

பூட்டுக்காரரிடம் சாவி வெட்டப் போனால் லேசில் வெட்டித் தர மாட்டார். வீடு யாருடையது, பழைய சாவி யார் கையில் இருக்கிறது, குடியிருந்தவன் காலி பண்ணிவிட்டானா என்று துருவித் துருவிக் கேட்பார். சோப்பில் அச்செடுத்துக்கொண்டு வந்த ஒருவனை, கையில் பிடித்த அரத்தோடு தெருமுனை வரை துரத்தியவர். "போனவன் கையில சாவி இருக்கக் கூடாதுங்க. பூட்டையே மாத்திடுங்க." முப்பத்தெட்டு வருஷமாக இதே பேச்சு.

மாடிப்படிக்கு அடியில் கடை, மாடியில் வீடு. வீட்டில் அவரைத் தட்டிக் கேட்க ஒரே ஆள் அவர் மனைவி. பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்த அம்மாள். ஊரார் பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷனுக்குச் சொந்த மூக்குக்கண்ணாடி எங்கே என்று தெரியாது. அதை அந்த அம்மாள்தான் தேடித் தர வேண்டும்.

அந்த அம்மாள் படுக்கையில் விழுந்தார். இனி எழ மாட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகு, தலையணையில் சாய்ந்தபடி போனில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்படி என்னதான் எழுதுற?"

"நான் போனப்புறம் ஞாயித்துக்கிழமை தவறாம உங்களுக்கு மெயில் வரும். இல்லேன்னா நீங்க உருப்பட மாட்டீங்க."

"வாயக் கழுவு" என்று அதட்டிவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

சொன்னபடியே வந்தது. காரியமெல்லாம் முடிந்த முதல் ஞாயிறு, காலை ஏழு மணிக்கு: "ஏங்க, பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், போய் வாங்குங்க." அடுத்த வாரம்: "அந்த நீலச் சட்டையை இன்னுமா போடுறீங்க? காலர் கிழிஞ்சு எத்தனை நாளாச்சு!" குனிந்து பார்த்தால் அதே சட்டை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவருக்கு. அந்த ஏழு மணிக்காகத்தான் மனுஷன் மீதி ஆறு நாளையும் எப்படியோ தள்ளினார்.

இருபத்திரண்டாவது ஞாயிறு வந்தது இது: "உங்க மேல எனக்கு ஒரே ஒரு கோபம் உண்டு. வாய்விட்டுச் சொன்னதில்ல. இன்னிக்குக் கை வலிக்குது. அடுத்த வாரம் சொல்றேன்."

ஒன்றே ஒன்றா! இவர் பண்ணின அழும்புக்கு ஒன்றுதானா? என்னவாக இருக்கும் என்று மண்டையைக் குடைந்துகொண்டு, இரண்டு வீட்டுச் சாவியை மாற்றி வெட்டினார்.

புதன்கிழமை, தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கும் மனைவியின் போனில் ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. உங்கள் மெயில் கணக்கை நான்கு வெளிச் செயலிகள் பயன்படுத்துகின்றன, வேண்டாதவற்றை நீக்கிவிடுங்கள் என்றது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்று விளையாட்டு, ஒன்று போட்டோ, ஒன்று பஸ் டிக்கெட். நான்காவதற்கு வாயில் நுழையாத பெயர். அதன் கீழே, 'உங்கள் பெயரில் கடிதம் அனுப்ப அனுமதி உண்டு' என்று இருந்தது.

ரத்தம் கொதித்துவிட்டது. "செத்துப்போனவ பேர்ல எவன்டா லெட்டர் போடுறது?"

பக்கத்துத் தெருவில் இருக்கும் மகளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பூட்டு விஷயத்தில் அவர் யாரைக் கேட்டார்? முதலில் அந்த நான்காவதன் அனுமதியைப் பிடுங்கினார், பிறகு மற்ற மூன்றையும். பெண்டாட்டியின் கணக்குக்குக் காவல் போட்டுவிட்ட நிம்மதியில் அன்று நன்றாகத் தூங்கினார், பாவி மனுஷன்.

ஞாயிறு ஏழு ஆயிற்று. எட்டும் ஆயிற்று. பத்து மணிக்கு மகளைக் கூப்பிட்டார். வந்தவள் அம்மாவின் போனை வாங்கி, செயலிகளின் பட்டியலைத் திறந்தாள். காலியாக இருந்தது.

"அப்பா, இதுல எதையாவது எடுத்தீங்களா?"

"ஆமா. யாரோ அம்மா பேர்ல..."

"அது யாரோ இல்லப்பா. அம்மாவே சேர்த்தது. எழுதி வச்ச லெட்டரை வாரா வாரம் அதுதான் அனுப்பிட்டு இருந்துச்சு."

மெயில் கணக்கே அனுப்புகிறது என்றல்லவா அவர் நினைத்திருந்தார்! மகள் அனுமதியைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தாள். பக்கம் திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அனுமதி நீக்கப்பட்டதால், காத்திருந்த முப்பத்தொரு கடிதங்கள் அழிக்கப்பட்டன என்று ஒரு வரி மட்டும் இருந்தது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டாள். வருந்துகிறோம், மீட்க வழியில்லை என்று இரண்டு நாளில் பதில் வந்தது.

"நானே பிடுங்கிட்டேனேம்மா" என்றார்.

"விடுங்கப்பா. பெரிய கோபமா ஒண்ணும் இருந்திருக்காது."

விட முடியுமா? அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு மனைவிக்கு மெயில் எழுத உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எழுத்துக் கூட்டி அடிக்கப் பத்தரை ஆகிவிட்டது.

"இதுல எதுன்னு தெரியல. உன் தம்பி கல்யாணத்துக்கு, கடையில வேலை இருக்குன்னு பாதியில கூட்டிட்டு வந்தேனே, அதுவா? பெரிய வேலை கிடைச்சப்ப போகாதேன்னு சொன்னதா? பாப்பா பொறந்த அன்னிக்கு எவன் வீட்டு பீரோவையோ திறக்கப் போனதா? பாடிட்டு இருந்தப்ப சத்தம் போடாதேன்னு சொன்னதா? எதுவா இருந்தாலும் மன்னிச்சிடு."

அனுப்பப் போனவர் கையை எடுத்துவிட்டு, அடியில் இன்னும் ஒரு வரி சேர்த்தார்.

"பூட்டை மாத்தினதுக்கும்."